ஏகாதசியில் ஒரு கோப்பை உப்புமா

லால்குடிப் பேருந்துக்காகத் திருவரங்கத்துப் பெட்டிக்கடை ஒன்றின் நிழலில் நிற்கிறேன். இன்று ஏகாதசி. அரிசி உண்ணமாட்டேன், பிறர் சமைத்த எதையும் தொடமாட்டேன். ஆயினும் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிய சர்க்கரை நோய் மாத்திரையால் கைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன. கடைக்கார அம்மையார் காகிதக் கோப்பை ஒன்றை நீட்டுகிறார்.

"மக்காச்சோள ரவை உப்புமாங்க. அரிசியே இல்ல. வெந்நீர் ஊத்தி அஞ்சு நிமிஷம் மூடி வெச்சா போதும்."

"அவ்வளவு சீக்கிரம் எப்படிம்மா வேகும்?"

"ஏற்கெனவே வெந்ததுதாங்க. வேக வெச்சு, காய வெச்சு அடைச்சிருக்காங்க."

வெந்தது என்றால் பிறர் சமையல். காய்ந்தது என்றால் வெறும் ரவை. இது எதில் சேரும் என்று எனக்குத் தெளியவில்லை.

"கை இப்படி நடுங்குது, இன்னும் என்ன யோசனை? வெந்நீர நீங்களே ஊத்துங்க சாமி. அப்போ நீங்க சமைச்சதுதானே?"

நானே ஊற்றுகிறேன்; காத்திருந்து உண்கிறேன். நடுக்கம் மெல்ல அடங்குகிறது.

"எப்படிங்க இருக்கு?"

"உப்பு கொஞ்சம் கூடுதல்மா."

"அத என்கிட்ட சொன்னா? சமைச்சது நீங்கதானே!"

அவ்வுப்புக்கு நான் பொறுப்பேற்றால் என் விரதம் நிலைக்கும், மறுத்தால் முறியும். லால்குடிப் பேருந்து வருகிறது; ஏறுகிறேன்.