ஆணிச் சூடு

தேய்த்து எடுத்த பித்தளை ஆணியின் தலையில் பெருவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு மச்சான் ஐந்து வரை எண்ணுவார். வாய்விட்டு எண்ண மாட்டார், உதடு மட்டும் அசையும். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த உதடுதான். என் மனைவியின் அண்ணன் அவர். அறுபதுகளின் நடுவில் பேகம்பூர்ப் பக்கம் ஒரு கத்திப் பட்டறையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தோம்.

பிடிக்குள் போகும் கத்தியின் வாலுக்கு இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து, நடுவில் அரக்கை உருக்கி ஊற்றி, குறுக்கே இரண்டு பித்தளை ஆணி அடிப்போம். துருத்தி நிற்கும் ஆணித்தலையை மரத்தோடு மட்டமாகத் தேய்க்க வேண்டும். உப்புத்தாள் வைத்துக் கையால் தேய்த்த காலத்தில் தொல்லையில்லை. உப்புத்தாள் ஒட்டிய மோட்டார் சக்கரம் வந்தபிறகு நாலு விநாடியில் பித்தளை கொதித்தது. அந்தச் சூடு ஆணி வழியாக உள்ளே இறங்கினால் அரக்கு இளகும், ஓட்டையைச் சுற்றி மரம் கருகிச் சுருங்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். பிடி ஆடுவது பிறகுதான், எவன் கையிலோ. அதனால் மச்சான் சக்கரத்தில் லேசாகத் தொட்டு எடுப்பார், விரல் வைத்து எண்ணுவார். ஐந்து வரை விரல் தாங்காவிட்டால் அந்தக் கத்தியை ஆற வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். இப்படிப் பன்னிரண்டு கத்தி வரிசையில் கிடக்கும். மழுங்கின உப்புத்தாள் அறுக்காது, சூட்டை மட்டும் கிளப்பும் என்று சக்கரத்திலிருந்து அடிக்கடி கிழித்துப் போட்டுப் புதிது ஒட்டுவார். முதலாளி முறைப்பார்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி விரல்களில் மாட்டிக்கொண்டு அழுத்தித் தேய்த்தேன்.

"என்ன மாப்ளே, விரலுக்குச் சட்டை போட்டிருக்க?" என்றார் மச்சான்.

"சுடுது மச்சான்."

"சுடட்டும்னுதானப்பா வெறும் விரலை வைக்கிறது. கழட்டு."

கழற்றினேன். அவர் அரக்கு உருக்க அடுப்புப் பக்கம் போனதும் மறுபடி மாட்டினேன். ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்தால் எண்ணெயில் மரத்தூளைக் குழைத்துப் பூசி மறைத்தேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. செய்தேன், அவ்வளவுதான்.

தோல் பதனிடும் ஷாப் ஒன்றுக்கு ஐம்பது அறுபது கத்தி போனது. நாங்கள் இரண்டு பேரும் தேய்த்து ஒரே குவியலில் போட்டவை. ஒரு மாதம் கழித்து அங்கிருந்து ஒரு ஆள் உள்ளங்கையில் கட்டோடு வந்து மூன்று கத்தியை மேஜையில் போட்டான். தோலைச் சீவும்போது பிடி கழன்று, கத்தி திரும்பிக் கையை அறுத்துவிட்டதாம். முதலாளி எங்களைப் பார்த்து, "யாரு தேச்சது?" என்றார். நான் வாயெடுப்பதற்குள், "நான்தான் மொதலாளி," என்றார் மச்சான்.

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி அவரிடம் சொல்லிவிட்டார். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு தூக்குவாளியை எடுத்தார், போனார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. தங்கச்சிக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். நினைக்க நினைக்க ஆத்திரம்தான் வந்தது. இவரை யார் கேட்டது?

அவர் நத்தத்தில் புளி மூட்டை தூக்கப் போய்விட்டார். இரண்டு மாதம் பொறுத்துவிட்டு நேரே போய்க் கேட்டேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்னைக் காப்பாத்தச் சொல்லி உங்களை யாரு கேட்டா?"

அவர் முழித்தார். "ஒன்னைய நான் எங்கப்பா காப்பாத்துனேன்? அது நான் தேச்சதுதான். ரெண்டு வருசமா இந்த விரல்ல ஒரு உணர்ச்சியும் இல்ல, மரத்துப் போச்சு. அஞ்சு எண்ணுவேன். சூடு இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது. வெளிய சொன்னா வேலை போயிரும்னு பேசாம இருந்தேன்." டீ கிளாஸின் அடியை வெறும் விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். என் கிளாஸை என்னால் துண்டு இல்லாமல் தொட முடியவில்லை. பிறகு கேட்டார்: "ஆமா, நீ என்ன பண்ணுன?"

"ஒண்ணுமில்ல மச்சான்," என்றேன்.

பஸ்ஸில் வரும்போது அதையே புரட்டிப் புரட்டி யோசித்தேன். அந்த மூன்று கத்தியில் எது அவருடையது, எது என்னுடையது? நான் டியூபைத் திரும்ப மாட்டியது அவருக்குத் தெரியுமா, தெரியாதா? விரல் மரத்துப்போனது நிஜமா, என் வாயைக் கிளற அப்படிச் சொன்னாரா? ஒன்றும் விளங்கவில்லை. இன்றும் விளங்கவில்லை. மச்சான் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது.

"எங்கண்ணன் கொஞ்சம் கவனமா இருந்திருந்தா மூட்டை தூக்கியிருக்க வேண்டாம்," என்று என் மனைவி இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். போன வாரம் அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டியூப், எண்ணெய், மரத்தூள், டீக்கடை.

அவள் கை நின்றது. "அண்ணன் கேட்டுச்சுல்ல? அப்ப சொல்லாம எங்கிட்ட வந்து இப்ப எதுக்குச் சொல்றீங்க?" என்றாள்.

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அண்ணனைப் பற்றிப் பேசுவதில்லை. என்னோடும் அதிகம் பேசுவதில்லை.