மனுவில் எழுதிய பல்பு

எழுபதுகளின் நடுவில் எங்கள் போடி வீட்டு மின்கட்டணம் திடீரென்று இரண்டு மடங்கானது. வீட்டில் இருந்தது மூன்று பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ. இவை போக, பின்கட்டில் என் மனைவி புதிதாக மாட்டிய நூறு வாட்ஸ் பல்பு. சாயங்காலங்களில் அதன் கீழ் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்குவாள். வியாபாரியின் ஆள் மூட்டையைக் கொண்டுவந்து போடுவான். அவள் காம்பைக் கிள்ளி, வெடித்ததையும் வெளுத்ததையும் ஒதுக்கி, பச்சைக் காயைத் தனியாகக் கட்டிக் கொடுப்பாள். எடைக்குத் தகுந்த கூலி. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இது நடந்தது. யாரும் அதைத் தொழில் என்று நினைத்ததில்லை. பாத்திரம் கழுவுவதைப் போல அதுவும் ஒரு வீட்டுச் சோலி.

முதலில் நான் அந்தப் பல்பைத்தான் குற்றம் சொன்னேன்.

"காய் வராத மாசத்துலயும் அதே காசுதேன கட்டுனீக? அப்ப எந்தப் பல்பு எரிஞ்சுச்சாம்?" என்றாள் மனைவி.

ஒரு விடுமுறை நாளில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் போய் நின்றேன். உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்புக் கோடு மெதுவாக வந்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போனது. யாரும் சொல்லாமலே வேலை பார்க்கும் அரசாங்கப் பொருளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அப்போது நான் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மனு எழுதுவதில் எனக்குப் பெயர் உண்டு. மீட்டர் சும்மாவே சுற்றுவதைச் சொல்லி, அதிகமாகக் கட்டிய தொகையைத் திருப்பித் தரும்படி மின்சார ஆபீசுக்கு ஒரு மனு தயாரித்தேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. வீட்டிலுள்ள ஒவ்வொரு பல்பும் எத்தனை வாட்ஸ், எத்தனை மணி நேரம் எரியும் என்று கணக்குப் போட்டேன். ஒன்றை விட்டாலும் கணக்கு நிற்காது. ஆகவே 'என் மனைவி வியாபாரிக்காக ஏலக்காய் தரம் பிரிக்கும் நூறு வாட்ஸ் பல்பு' என்பதையும் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சியும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சில நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அந்த ஆபீஸ் குமாஸ்தா என்னைப் பிடித்தார். ராசிங்காபுரத்துக்காரர், எனக்குத் தூரத்து உறவு.

"மாப்ளே, ரூவா கேட்டு மனுப் போட்டீகளா, இல்ல எங்க ஆபீசுக்கு வாக்குமூலம் குடுத்தீகளா?"

"ஏன் மாமா?"

"வீட்டு லைன்ல வியாபார வேலை நடக்குதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீகளே. வீட்டுக்கு ஒரு ரேட்டு, வியாபாரத்துக்கு ஒரு ரேட்டு. உங்களுக்குத் தெரியாததா?"

"அத மட்டும் எடுத்துற முடியுமா மாமா?"

"நம்பர் போட்டு மேல போயிருச்சு மாப்ளே. இன்ஸ்பெக்சனுக்கு வருவாக. டீய ஆறவிடாதீக."

டீ ஆறிப்போனது. அவருக்குத் தெரிந்தது பாதிதான். மீதி எனக்குத் தெரியும், விதிகளை நான் படித்திருந்தேனே. அரசு ஊழியர் குடும்பத்தில் யாராவது தொழில் செய்தால் மேலிடத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நான் தெரிவிக்கவில்லை. எமர்ஜென்சி காலம் அது. எங்கள் ஆபீசிலேயே ஒருவரைக் காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என் காரணத்தையோ நானே எழுதி, இணைப்போடு கொடுத்திருந்தேன்.

மனுவை வாபஸ் வாங்கலாமா என்று யோசித்தேன். வாபஸ் கடிதமும் அதே கோப்பில்தான் சேரும். படிக்கிறவன் ஏன் வாபஸ் வாங்கினான் என்று முதல் தாளைப் புரட்டுவான். நானாக இருந்தால் புரட்டியிருப்பேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி கையிலிருந்த காயைக் கீழே போட்டாள்.

"எல்லாத்தையும் எழுதுனீகளே, நான் எத்தன மணிக்குத் தூங்குறேன்னு எழுதலயா?"

மறுநாளே மூட்டை வியாபாரியிடம் திரும்பிப் போனது. பல்பைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தாள். பின்கட்டைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். வாசனை மட்டும் போகவில்லை. சாம்பிராணி போட்டாள். வீடு கோயில் சர்க்கரைப் பொங்கல் மாதிரி மணத்தது.

எங்கள் தெரு வழியாகத்தான் போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு காலையில் ஜீப்புகள் போகும். அதுவரை அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு ஜீப்பும் எங்கள் வாசலில் வேகம் குறைவதாகத் தோன்றியது. முகம் மழிக்கும்போது கை நின்றுவிடும். ஆபீசில் ப்யூன் ஏதாவது உறையோடு என் மேசைப் பக்கம் வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவேன். சஸ்பென்ஷன் உத்தரவின் வாசகம் எனக்கு மனப்பாடம். பலருக்கு நானே நகல் எடுத்திருக்கிறேன்.

ஒருநாள் ஒரு ஜீப்பு உண்மையாகவே நின்றது. மின்சார ஆபீஸ் இன்ஸ்பெக்டர் இறங்கினார். கையில் என் மனு. வாசலிலேயே நின்று மோந்து பார்த்தார்.

"வீட்ல ஏதும் விசேசமா சார்?"

"வெள்ளிக்கெழம," என்றேன். அன்று செவ்வாய்க்கிழமை.

எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி மீட்டரைப் பார்த்தார். சக்கரம் சுற்றியது. நான் எழுதியது நிரூபணமாகிவிட்டது, இனிக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் மனுவைப் புரட்டினார்.

"ஒரு பல்ப எரியவிட்டும் சக்கரத்த எண்ணிப் பாக்கணும் சார். நூறு வாட்ஸ் பல்பு ஒண்ணு போட்டிருக்கீகளே, அதக் கொண்டாங்க."

கதவோரம் நின்ற மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் கழுத்து வியர்க்கிறது. உள்ளே போய்ப் பானையைத் தோண்டிப் பல்பை எடுத்துவந்தாள். கண்ணாடி முழுக்கத் தவிட்டுப் பொடி. அவர் தன் கைக்குட்டையால் துடைத்து, பின்கட்டு ஹோல்டரிலேயே மாட்டச் சொன்னார்.

பல்பு எரிந்தது. அந்த வெளிச்சத்தில், கழுவிக் கழுவி வெளுத்த தரையில், சிமெண்டு வெடிப்புக்குள் பச்சையாக ஒரு காய் கிடந்தது. அவர் குனிந்தார். அதை நகத்தால் நெம்பி எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார்.

"இது..." என்று ஆரம்பித்தேன். மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.

அவர் காயை வாயில் போட்டுக் கடித்தார்.

"நல்ல காய்தேன் ஆத்தா," என்றார் அவளிடம். "எங்க வீட்ல எங்கம்மா பொறுக்குறதுல பாதி வெடிப்பு. கண்ணு தெரியல, பெரிய பல்பு மாட்டுன்னா மாட்டேங்குது."

பிறகு மீட்டர் முன்னால் நின்று சக்கரத்தை எண்ணி, மனுவின் பின்பக்கம் ஏதோ எழுதினார். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புது மீட்டர் வந்தது. பணம் கையில் வரவில்லை. வரவும் வராது என்று எனக்குத் தெரியும். வரும் கட்டணத்தில் கழித்துக்கொள்ள உத்தரவானது. கணக்கெடுக்க வந்தவர் மாதக்கணக்கில் அட்டையில் 'கட்ட வேண்டியதில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். தெருவில் எல்லோருக்கும் பொறாமை. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் அவர் தெருமுனை தாண்டும்வரை வாசலிலேயே நின்றேன்.

இன்ஸ்பெக்டர் வந்துபோன வாரமே மூட்டை திரும்பி வந்திருந்தது. மனைவி பல்புக்குக் கீழே உட்கார்ந்தாள். நான் பின்கட்டு ஜன்னலைச் சாத்தினேன். அவள் காற்று வேண்டுமென்று திறந்தாள்.

அந்த மனுவின் பின்பக்கம் அவர் என்ன எழுதினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நகல் கேட்டு விண்ணப்பிக்க வழியிருந்தது. யாருக்கு எழுத வேண்டும், எவ்வளவு ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் நான் விண்ணப்பிக்கவில்லை.