பலகைக்கு அந்தப் பக்கம்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். குருநகர்க் கரையில் முப்பது வருடமாக வள்ளம் திருத்துகிறேன், கடலில் போனவன் திரும்பி வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டான், வலையைப் பிடித்து இழுத்தான் என்று கேட்காத கதை இல்லை, எல்லாவற்றுக்கும் விசர்க்கதை என்ற ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன். நீங்களும் இதற்கு அதையே சொன்னால் கோபிக்கமாட்டேன்.

முதலில் என் கூடப்பிறந்த பீற்றர் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. நாங்கள் இரண்டு பேரும் சோடியாகத்தான் மரவேலை செய்தோம். பலகை வள்ளத்துக்கு ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும், வெளியில் நிற்பவர் செப்பாணியை அடிக்க உள்ளே இருப்பவர் பாரமான இரும்புக் கட்டி ஒன்றை எதிரே அழுத்திப் பிடிப்பார், ஆணி நுனி அதில் முட்டி மடங்கித் திரும்ப மரத்துக்குள் இறங்கும். மற்றவர்கள் "ஓம், அடி" என்று கத்திக் கத்தி வேலை செய்வார்கள். அண்ணைக்கு அது சரிவராது, சண்டைக் காலத்தில் பக்கத்தில் விழுந்து வெடித்த செல் அவருடைய இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. அதனால், காதுக்குக் கேட்காவிட்டாலும் கைக்கு அதிர்வு தெரியுமே என்று, எங்களுக்குள் ஒரு தட்டுக் கணக்கு உண்டாயிற்று. அவர் உள்ளேயிருந்து இரண்டு தட்டினால், பிடித்திருக்கிறேன், அடி. மூன்று தட்டினால், நில், மரம் சரியில்லை. நான் அடித்து முடித்து ஒரு தட்டுத் தட்டினால், சரி, விடு. அந்த ஒரு தட்டு வராமல் மனுசன் கையை எடுக்கமாட்டார். ஒருமுறை நான் மறந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன், வந்து பார்த்தால் வியர்த்து வழிய அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு வாங்கின ஏச்சு இப்பவும் ஞாபகம் இருக்கிறது.

அவர் செத்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது, ஈரல் வருத்தம். கடைசி நாள் ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியில் விரலால் இரண்டு தட்டினார். நான் டொக்டர் எழுதின மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தாதியோடு கதைத்துக்கொண்டிருந்தேன், இந்தா வாறன் என்று கையைக் காட்டிவிட்டு மருந்து எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது முடிந்துவிட்டது. பதிலுக்கு ஒரு தட்டு நான் தட்டவில்லை. இதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன். அதோடு மரவேலையை விட்டுவிட்டு ஃபைபர் படகு ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

போன வருடம் இணுவில் சிவம் அண்ணை தேடி வந்தார். நோர்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். திருகோணமலையில் யாரோ விட்டுவிட்டுப் போன பழைய பாய்மரப் படகொன்றை வாங்கி லொறியில் ஏற்றிக் கரைக்கே கொண்டுவந்துவிட்டார். புருசனும் பெண்சாதியும் அங்கே வீட்டை விற்றுவிட்டார்கள், இனிப் படகில்தான் சீவியமாம், திருகோணமலை, காலி, மாலைதீவு, பிறகு ஆபிரிக்கா. வாடைக்காற்று முடிவதற்குள் வெளிக்கிட வேண்டும். நான் ஏலாது என்றுதான் சொல்ல இருந்தேன். அவருடைய மனைவி மாலா அக்கா படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தா.

"தம்பி, எனக்கு நீந்தத் தெரியாது. உம்மடை ஆணியை நம்பித்தான் ஏறுறன்."

அதற்குப் பிறகு எப்படி மாட்டேன் என்று சொல்வது.

உள்ளே இரும்பு பிடிக்க என் மனைவியின் தம்பி யூட்டைச் சேர்த்துக்கொண்டேன். இந்த வருடம் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் குடும்பத்தில் அந்த வெள்ளிகளில் மூன்று மணிக்கு மேல் ஆணி அடிப்பதில்லை, ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நேரம். யூட் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான்.

"அத்தான், மூண்டாகுது. சாமானை வைப்பம்."

"உந்த ஒரு பலகையை முடிப்பமடா. நாள் போகுது."

அவன் ஏதோ சொன்னான், பக்கத்துக் கொட்டிலில் மரம் அறுக்கிற மெசின் சத்தத்தில் கேட்கவில்லை, நான் தலையை ஆட்டிவிட்டுப் படகுக்குக் கீழே குனிந்துவிட்டேன். உள்ளேயிருந்து இரண்டு தட்டு. அடித்தேன். ஒரு தட்டுக் கொடுத்தேன். அடுத்த ஆணிக்கு இரண்டு தட்டு. இப்படியே பதினொரு ஆணி, நம்பினால் நம்புங்கள், அவ்வளவு சுகமாக வேலை ஓடி எத்தனையோ காலம். பன்னிரண்டாவதை வைத்தேன், மூன்று தட்டு வந்தது. திரும்ப வைத்தேன். திரும்பவும் மூன்று.

"என்னடா, மரத்திலை என்ன?"

அப்போதுதான் எனக்கு மூளையில் ஏறியது. யூட் தட்டுகிறவன் இல்லை, கத்துகிறவன். அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியவே தெரியாது. சுத்தியலைக் கீழே வைத்தேன்.

ஏணி வைத்து ஏறி உள்ளே பார்த்தேன். ஒருவரும் இல்லை. பதினொரு ஆணி நுனியும் மடங்கி மரத்துக்குள் ஒழுங்காக இறங்கியிருந்தன, அதை வெளியில் நின்று தனி ஆள் செய்யவே முடியாது. இரும்புக் கட்டி கீழே கிடந்தது, எடுத்தேன், கை பிடிக்கிற இடம் வியர்வையில் நனைந்திருந்தது. "அண்ணை" என்று கூப்பிட்டேன், காது கேளாத மனுசனை. பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

யூட்டைக் கோயில் வாசலில் பிடித்தேன்.

"மணி அடிக்க முதலே இறங்கியிட்டன் அத்தான். போறன் எண்டு சொல்ல நீங்கள் தலையாட்டினீங்களே."

மறுநாள் அந்தப் பன்னிரண்டாவது இடத்தில் திருப்புளியால் குத்தினேன், பிடிவரை இறங்கியது. படகின் விலா எலும்பு மாதிரி இருக்கிற வளைமரங்களில் மூன்று உக்கி உளுத்துப்போயிருந்தன, முன்னர் எவனோ மேலே பசை பூசிப் பெயின்ற் அடித்து மறைத்திருக்கிறான். முதல் பெரிய கடலிலேயே பலகை பிடி விட்டிருக்கும். பூவரச மரத்தில் புதிதாக வெட்டிப் போட மூன்று கிழமை என்றேன், சிவம் அண்ணையின் முகம் கறுத்துவிட்டது.

"காத்து முடியப் போகுது அந்தோனி."

"காத்து அடுத்த வருசமும் வரும்," என்றா மாலா அக்கா. "நாங்கள் வரவேணுமே."

எப்படிக் கண்டுபிடித்தீர் என்று சிவம் அண்ணை கேட்டார். ஆணி இறங்கின சத்தம் சரியில்லை என்று மட்டும் சொன்னேன். தட்டுக் கணக்கைப் பற்றி அவர்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை, மாதா மேல் ஆணை. மூன்று கிழமையில் புது மரம் போட்டுக் கொடுத்தேன், அப்படிப் பிந்தியும் கடைசிக் காற்றைப் பிடித்துப் போய்விட்டார்கள்.

மாலைதீவிலிருந்து ஒரு பின்னேரம் சிவம் அண்ணை வட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"படகு நல்லாப் போகுது. ஒரு சத்தம்தான் விளங்கேல்லை. நீர் புது மரம் போட்ட இடத்திலை, கடல் கூடினா ரெண்டு தட்டு. நிக்கும். பிறகு ரெண்டு."

"தண்ணி கசியுதோ?"

"ஒரு சொட்டு இல்லை. காலிக்கு அங்காலை கடல் பேயடி அடிச்சுது, அப்பவும் இல்லை."

எனக்கு அந்தக் கட்டில் கம்பிதான் கண்ணுக்குள் வந்தது. பாவம், மனுசன் இன்னும் கையை எடுக்கவில்லை. என்னால்தான்.

"அண்ணை, அந்த இடத்திலை ஒருக்காத் தட்டுங்கோ. ஒருக்கா மட்டும்."

"ஏன்?"

"தட்டுங்கோவன்."

தட்டினார். போனில் எனக்குக் கேட்டது. அன்றைக்குப் போய் மாதா கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன், நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ஒரு கிழமை கழித்துச் செய்தி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு சத்தமே இல்லையாம், என்ன மருந்து அது என்று சிரிப்புப் படம் வேறு போட்டிருந்தார், நாளைக்கு ஆபிரிக்காப் பக்கம் பாய் விரிக்கிறோம் என்றும் எழுதியிருந்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் வாசித்தேன். போனைச் சட்டைப் பைக்குள் வைக்கும்போதுதான் உறைத்தது.

ஒரு தட்டு என்றால், சரி, விடு.

அவர்கள் வெளிக்கிட்டு இன்றைக்குப் பதினாறு நாள். நடுக்கடலில் சிக்னல் இராது, பயப்படாதையுங்கோ என்று யூட் சொல்கிறான். நான் அண்ணையைப் பாவம் பார்த்தேன், அது பிழையா? மாலா அக்காவுக்கு நீந்தத் தெரியாது. அந்தப் பலகையை இப்போது யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.