தேக்குப் பலகை போட்ட மீன்வண்டி

டாக்டர் அந்தச் செய்தித்தாளை விரித்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு தாள்களை எடுத்து, ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் படியும்படி வைத்து, புதுத் தோல் சீட்டின் மீது உள்ளங்கையால் நீவிவிட்டார். பச்சைக் குழந்தையைப் படுக்க வைக்கத் துணி விரிப்பவர்களின் கவனம் அவர் கையில் இருந்தது. பிறகு சற்றுத் தள்ளி நின்று, “ஏறுங்க பார்ட்னர்” என்று என் நைனாவைப் பார்த்துச் சிரித்தார். நைனா அன்று வெளுத்த வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் உடுத்தியிருந்தார். காலையில் அவர் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்ததை நான் பார்த்திருந்தேன். அந்தத் தாளையும் டாக்டரையும் ஒரு நொடி பார்த்தார். ஏறி அதன் மேல் உட்கார்ந்தார். முப்பது வருடம் அவரே ஓட்டிய வண்டி அது.

நாங்கள் சீனிவாசபுரத்துக் கடற்கரைக் குடும்பம். நைனா மீன்வண்டி ஓட்டினார், அம்மா மந்தைவெளியில் மீன் விற்றாள், இன்னும் விற்கிறாள். விடியும் முன்பே காசிமேட்டுக்குப் போய் மீனும் ஐஸும் ஏற்றி, சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, மிச்சத்தை அம்மாவிடம் கொண்டுவந்து போடுவார் நைனா. அந்த வண்டி ஐம்பதுகளில் கப்பலில் வந்த ஒரு பிக்கப். முன்னால் நீண்ட மூக்கு, உருண்டையாய் இரண்டு விளக்கு, பின்னால் திறந்த தொட்டி. துறைமுகத்தில் வேண்டாமென்று கழித்ததை நைனா ஏலத்தில் எடுத்தார். அதன் சொந்த எஞ்சின் எப்போதோ போய்விட்டது. எதிலிருந்தோ கழற்றிய டீசல் எஞ்சின் ஒன்று உள்ளே உறுமிக்கொண்டிருந்தது. நிறம் என்று தனியாக எதுவும் கிடையாது. படகுக்கு அடித்தது போக மிஞ்சிய பெயிண்ட் எந்த நிறமோ அந்த வருடம் வண்டிக்கும் அதே நிறம். மந்தைவெளியில் ஒரு அடுக்குமாடி வாசலில் மீன் இறக்க நிறுத்தினால், வண்டி கிளம்பிய மறுநிமிடமே வாட்ச்மேன் வந்து அந்த இடத்தில் பினாயில் ஊற்றுவான். மாடியிலிருந்து சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை மேற்பார்வை பார்ப்பார்கள். அவர்களுக்கும் எங்கள் மீன்தான் வேண்டும். வண்டிதான் ஆகாது.

நான் பிறந்தது அந்த வண்டியில். ஐப்பசி மழை, எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ எதுவும் உள்ளே வரவில்லை. நைனா ஐஸ் பெட்டிகளை இறக்கிப் போட்டு, தொட்டியில் பாய் விரித்து, மேலே தார்ப்பாய் கட்டி, அம்மாவைப் படுக்க வைத்துக் கோஷா ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். லைட் ஹவுஸைத் தாண்டுவதற்குள் நான் வந்துவிட்டேன். கூட வந்த அத்தை முந்தானையால் என்னைத் துடைத்தபோது என் முதுகில் மீன் செதில் ஒட்டியிருந்ததாம். எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் இதைச் சொல்லிச் சிரிக்காமல் முடிந்ததில்லை. நான் தமிழாசிரியை ஆன பிறகும், “செதிலோட பொறந்தவ” என்றுதான் அத்தை என்னை அறிமுகப்படுத்துவாள்.

வயதான வண்டிக்கு எஃப்.சி. கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடற்கரை மணலில் சக்கரம் புதைந்து அது சும்மா நின்றது. நடைப்பயிற்சிக்கு வந்த டாக்டர் அதைப் பார்த்தது அப்போதுதான். அடையாற்றில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர் அவர். பழைய பிக்கப்புகளை வாங்கிப் புதுப்பித்து ஓட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. வீட்டுப் பின்புறக் கொட்டகையில் ஏற்கெனவே இரண்டு நின்றன. எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு, குடிக்காமல் கீழே வைத்தார். நைனா பேரம் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

“ரெடியானதும் ஒரு தபா நான் ஓட்டிப் பாக்கணும் சார். பீச் ரோட்ல. அது போதும்.”

“என்ன பார்ட்னர் இப்படிக் கேட்டுட்டீங்க? முதல் ஆளா நீங்கதான் ஓட்டறீங்க” என்றார் டாக்டர். அன்றிலிருந்து நைனா அவருக்குப் பார்ட்னர் ஆனார்.

பார்ட்னருக்கு வேலை நிறைய இருந்தது. ஞாயிறுதோறும் நைனா அடையாற்றுக்குப் போனார். மத்தியானம் நான் சோறு கொண்டுபோவேன். தொட்டியின் அடித்தகட்டைப் பிரித்த அன்று நான் அங்கே இருந்தேன். செதிலும் உப்பும் ஐஸ் தண்ணீரும் வருடக்கணக்கில் சேர்ந்து இறுகி, கறுப்பாய், விரல் கனத்துக்கு ஒரு படலமாக ஒட்டிக் கிடந்தது. கொட்டகை முழுக்க நாறியது. நைனா மண்டியிட்டு அதைச் சுரண்டினார். டாக்டர் முகமூடி போட்டுக்கொண்டு வாசலில் நின்று செல்போனில் படம் பிடித்தார். பிறகு நைனாவை நகரச் சொல்லி, சுரண்டியைத் தான் வாங்கி, பட்டும் படாமலும் நான்கு இழுப்பு இழுத்தார். அதைப் படம் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. அவர் கையை மூன்று முறை கழுவிவிட்டு வந்து, “இதுதான் பார்ட்னர் தவம்” என்றார். எனக்கு அந்த நாற்றத்தில் குமட்டவில்லை. அது நான் பிறந்த நாற்றம். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் குமட்டியது.

வண்டி மெல்ல மெல்ல வேறொன்றாகிக்கொண்டு வந்தது. எங்கிருந்தோ பெட்ரோல் எஞ்சின் வந்தது. தொட்டியில் தேக்குப் பலகை இறங்கியது. முகம் பார்க்கலாம், அப்படி வார்னிஷ். அதன் மேல் ஒரு ஸ்பேனரைக்கூட வைக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார். சாமான் ஏற்றுவதற்கென்றே செய்த வண்டியில் சாமான் ஏற்றக் கூடாது என்பதை நைனாவால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. மீன் வாசனையைப் போக்க மூட்டை மூட்டையாகக் காபித்தூளை உள்ளே அடைத்து வைத்தார்கள். கதவில் ஒரு எஸ்டேட்டின் பெயரை எழுத ஆள் வந்தான். எழுதி முடித்து, காய்ந்ததும், உப்புத்தாள் கொண்டு அதையே தேய்த்தான்.

“புதுப் பெயிண்ட்ட எதுக்கு சார் தேக்கிறான்?” என்று கேட்டார் நைனா.

“அப்பதான் பார்ட்னர் பழசா தெரியும்.”

“பழசாத்தானே சார் இருந்துது?”

டாக்டர் அதற்குச் சிரித்தார். தன் நண்பர்களிடம் அதைப் பலமுறை சொல்லிச் சிரித்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன்.

அடையாற்றில் ஒரு மைதானத்திலிருந்து பழைய வண்டிகளின் ஊர்வலம் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமைதான் நான் முதலில் சொன்ன அந்த நாள். நைனா ஓட்டப் போகிறார் என்றுதான் நாங்கள் போனோம். டாக்டர் தொப்பி, தோள்பட்டை வார் என்று வெள்ளைக்கார துரை போல வேடம் கட்டியிருந்தார். “இன்னிக்கு வேணாம் பார்ட்னர். ஜட்ஜுங்க எல்லாம் பாக்கறாங்க. நீங்க பக்கத்துல உக்காருங்க” என்றார். அப்போதுதான் செய்தித்தாள் வந்தது. வேர்வை பட்டால் புதுத் தோலில் கறை விழுமாம். டாக்டரின் வேர்வையும் அதே தோலில்தான் பட்டுக்கொண்டிருந்தது. அவர் பக்கம் தாள் எதுவும் இல்லை.

கிளம்பும் முன் மைக்கோடு ஒரு பெண் வந்தாள். வண்டியின் கதை என்ன என்று கேட்டாள். டாக்டர் இறங்கி, கதவில் சாய்ந்து, சொல்ல ஆரம்பித்தார். “இது எங்க தாத்தா எஸ்டேட்ல ஓடின வண்டி. ஒரு ராத்திரி மலையில பயங்கர மழை. கொழுந்து பறிக்கிற பொண்ணு ஒருத்திக்கு வலி எடுத்துடுச்சு. தாத்தா யோசிக்கவே இல்ல. தொட்டியில படுக்க வெச்சு, தார்ப்பாய் கட்டி, தானே ஓட்டிட்டுப் போனார். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள, இதோ, இந்தப் பலகை மேலயே ஒரு பெண் குழந்தை.” சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. அவள் நைனாவைக் காட்டி, “இவர்?” என்றாள். “நம்ம பழைய மெக்கானிக்” என்றார் டாக்டர்.

அந்தப் பெண் குழந்தை இரண்டடி தள்ளி நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. நைனா வேலை செய்துகொண்டே பேச்சுவாக்கில் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். மழை, தார்ப்பாய், என் அம்மாவின் வலி எல்லாம் இருந்தது. செதில் மட்டும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரோ என் துணியை எடுத்துத் தான் உடுத்திக்கொண்டு எதிரில் நிற்பது போல இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் நைனா இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். “வா பாப்பா, போலாம்.”

பஸ் ஸ்டாண்டுக்கு அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். வேர்வையில் அச்சு மை இறங்கி, வேட்டியின் பின்புறம் திட்டுத் திட்டாய்க் கறுத்திருந்தது. சீட்டில் கறை விழவில்லை. பஸ்ஸில் நான் கொதித்துக் கொட்டினேன். அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், “அது நம்ப வண்டி இல்ல பாப்பா. பிரிச்சுப் போட்டான் பாரு, அன்னிக்கே நம்ப வண்டி முடிஞ்சு பூச்சு. அவன் வண்டிக்கு அவன் கதை சொல்லிக்கினு போறான், உடு” என்றார். அந்த அமைதியும் எனக்கு அன்று அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பிறகு டாக்டர் எத்தனை முறை கூப்பிட்டும் அவர் அடையாற்றுப் பக்கம் போகவில்லை. போனில் அந்த எண்ணைப் பார்த்தால் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

நைனா போன வருடம் நெஞ்சுவலியில் இறந்தார். அடக்கத்தன்று, ஐஸ் மேல் கிடத்தியிருந்த உடலைப் பெட்டியில் வைக்கும் நேரத்துக்கு, எங்கள் சந்துக்குள் ஹாரன் சத்தம் கேட்டது. டாக்டர் அந்தப் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்திருந்தார். வண்டியின் மூக்கில் சாமந்தி மாலை, கண்ணாடியில் மல்லிச் சரம். கூடவே கேமராவோடு இரண்டு பேர். மாதா கோயிலிலிருந்து வந்த சவவண்டி வெளியே போக வழியில்லாமல் அதன் முன்னால் மாட்டிக்கொண்டது. டாக்டர் கறுப்புச் சட்டையில் இறங்கி வந்து அம்மாவின் எதிரில் கைகூப்பினார். கேமரா அவருக்குப் பின்னால் வந்தது.

“பார்ட்னரோட கடைசிப் பயணம் இந்த வண்டியிலதான்மா. அவருக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

அம்மா அவரைப் பார்க்கவில்லை. நடந்துபோய் வண்டியின் பின்புறம் நின்று, தேக்குப் பலகையைப் பார்த்தாள். வண்டி போன பிறகு அவள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. கையால் ஒருமுறை தடவினாள். நிதானமாகச் சொன்னாள்.

“நல்லாத்தான் கீது சார். ஆனா எங்க ஆளு ரெண்டு நாளா ஐஸ் மேல கீறாரு. பொட்டிலேர்ந்து தண்ணி வடியும். உங்க பலக பாழாப் பூடும்.”

டாக்டர் உடனே பதில் சொல்லியிருக்கலாம். பரவாயில்லை என்ற ஒரு சொல் போதும். அவர் பலகையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். சந்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். “ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டுக்கலாமே” என்றார் பிறகு.

“வோணாம் சார். வண்டிய எடுங்க” என்றாள் அம்மா.

எடுக்க அவரால் முடியவில்லை. அந்தச் சந்தில் பின்னால் எடுத்துப் பழக்கம் வேண்டும். இரண்டு முறை சுவரில் உரசப் போய், எஞ்சின் இருமி நின்றேவிட்டது. நைனாவின் பெட்டி தோள்களில் காத்திருந்தது. என் மாமா, அம்மாவின் தம்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “தள்ளுங்கடா இத்த” என்றார். பத்துப் பேர் முன்னால் கை வைத்துப் பின்னோக்கித் தள்ளி, அதைச் சந்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அதன் பிறகுதான் நைனா கல்லறைத் தோட்டத்துக்குப் போக முடிந்தது.

சில வாரங்கள் கழித்து, பள்ளியில் உடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர், “இது உங்க ஏரியாதானே?” என்று ஒரு வீடியோவைக் காட்டினார். ‘மீனவ மக்களின் பாசம்’ என்று தலைப்பு. மாலை போட்ட பிக்கப் எங்கள் சந்தில் நிற்கிறது. எங்கள் ஆட்கள் அதைத் தள்ளுகிறார்கள், மெதுவாக, நெற்றியில் வேர்வை மின்ன. அடக்கத்துக்கு வாசித்த பேண்ட் வாத்தியச் சத்தத்தை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் போட்டிருந்தார்கள். டாக்டரின் குரல் மேலே ஓடியது: “வண்டி நின்னுடுச்சு. நான் கேக்கவே இல்ல. ஓடி வந்து தள்ளினாங்க. இந்த எளிய மக்களுக்கு இந்த வண்டின்னா உயிர்.” பெட்டி இல்லை, சவவண்டி இல்லை, அம்மா இல்லை. கீழே ஊர்ப்பட்ட இதயங்கள். அது எங்கள் அப்பாவின் அடக்கம், அவருடைய பெட்டிக்கு வழிவிடத்தான் வண்டியைத் தள்ளினார்கள் என்று அங்கேயே எழுதினேன். சாயங்காலத்துக்குள் பதில் வந்திருந்தது. ‘உங்கள் இனிய நினைவைப் பகிர்ந்ததற்கு நன்றி.’ பக்கத்தில் கூப்பிய கைகள்.

அதை அம்மாவிடம் காட்டக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. மந்தைவெளியில் அவள் கடையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். குழலிசை அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“இன்னா காண்டுல தள்றானுங்க பாரு” என்றாள். நான் மறுபடி பார்த்தேன். உண்மைதான். ஒருவர் முகத்திலும் பாசம் இல்லை. பற்களைக் கடித்துக்கொண்டு தள்ளினார்கள். இத்தனை இதயங்கள் போட்டவர்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

“நிறுத்து, நிறுத்து. தம்பியப் பாரு.”

ஓரத்தில் மாமா தள்ளிக்கொண்டே தலையைத் திருப்பினார். நிதானமாக, குறிபார்த்து, துப்பினார். மெதுவாக ஓடும்படி செய்திருந்ததால் எச்சில் காற்றில் நீண்டு, வளைந்து, பளபளக்கும் சக்கர மூடியில் விழுந்து வழிவது முழுவதும் தெரிந்தது. அது வழிந்த நேரத்தில்தான் டாக்டரின் குரல் “உயிர்” என்றது.

நைனா போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டாள். அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள்.