மூன்று லைனும் ஒரு சாக்பீஸும்

ஜெனரேட்டர் மூடியில் சாக்பீஸால் கணக்குப் போடாமல் தனபால் ஒரு பிளக்கைக்கூடச் சொருக மாட்டார். கிரைண்டர் இத்தனை வாட், மைக் செட் இத்தனை, சீரியல் பல்பு இத்தனை. எல்லாம் கூட்டிய பிறகும் பெட்டியின் சக்தியில் கால் பங்கைச் சும்மா விட்டுவைப்பார். "மோட்டாரு எந்திரிக்கறப்ப மூணாளு சோத்தத் திங்குமுங்க. எந்திரிச்சுட்டா ஓராளு சோறு போதும்" என்பார். மலைமேல் வளப்பூர் நாட்டில் இருபது வருஷமாக அவர் ஜெனரேட்டர் பெட்டி வாடகைக்குப் போன விசேஷத்தில் ஒரு வயர் கருகியதில்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமும் கிடையாது.

அப்பேர்ப்பட்டவருக்கு ஆறு மாதமாக வயிறு எரிகிறது. அடிவாரத்திலிருந்து பிரேம் என்பவன் சத்தம் போடாத புதுப் பெட்டியோடு மலையேறி வருகிறான். வளைவில் அவன் வண்டி தெரிந்தாலே தனபாலுக்கு டீ கசந்துவிடும். போதாக்குறைக்குச் சொந்தத் தங்கை அம்சவேணியே மகள் கோகிலா கல்யாணத்துக்கு அவன் பெட்டியைப் பேசிவிட்டாள். "உங்க பெட்டி கத்துற கத்துல மேளமே கேக்காதுங்கண்ணா." தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்தால் போதுமாம்.

கல்யாணத்தன்று சீரை இறக்கிய கையோடு பிரேமின் பெட்டியிடம்தான் போனார். பிரேம் பந்தியில் இருந்தான். பெட்டியில் மூன்று லைன். சுமையை மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பயலோ கிரைண்டர், விளக்கு, மைக், கிணற்று மோட்டார் எல்லாவற்றையும் ஒரே லைனில் மாட்டியிருந்தான். மோட்டார் ஓடாதபோதே வயர் தொட்டால் சுட்டது. தங்கை வீட்டுக்காரர் மாதன் மோட்டாரைப் போடக் கிளம்பிக்கொண்டிருந்தார். போட்டால் வயர் உருகும்; பிரேமின் பேர் அதோடு போகும். போகட்டுமே என்று நினைக்க ஒரு நிமிஷம் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வயரை இழுத்துக் கட்டியிருந்த ஓலைப் பந்தலுக்கடியில் கோகிலா உட்கார்ந்திருந்தாள்.

"மச்சான், செத்த பொறுங்க."

பெட்டியை நிறுத்தினார். மூடியில் கணக்குப் போட்டார். மோட்டாருக்கு ஒரு லைன், கிரைண்டருக்கு ஒன்று, விளக்கும் மைக்கும் மூன்றாவதில். பெட்டியை ஓட்டி, மோட்டாரை முதலில் எழுப்பி, மற்றதைப் பிறகு ஒவ்வொன்றாகப் போட்டார்.

அம்சவேணி சிரித்துக்கொண்டே வந்தாள். "லைட்டு போச்சேன்னு பதறிட்டனுங்கண்ணா. பிரேமு அதுக்குள்ள சரி பண்ணிட்டானே. கெட்டிக்காரப் பையன்."

"ஆமா கண்ணு" என்றார் தனபால்.

பிரேம் கை கழுவிவிட்டு வருவது தெரிந்தது. தனபால் தன் புது வேட்டியின் நுனியைப் பிடித்து, மூடியிலிருந்த கணக்கை ஓர் எண்கூட மிஞ்சாமல் அழுத்தித் துடைத்தார்.