வாய்ப்பூட்டுக் காகிதத்தில் ஒரு சாட்சிக் கையெழுத்து

அந்த ஊரில் யார் சிரித்தாலும் அந்தச் சிரிப்பு மூத்தவளின் கைவேலை. சரி, கொஞ்சம் மிகைதான். சொந்தப் பல் உள்ளவர்களும் அங்கே சிரிக்கத்தான் செய்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களில் பாதிப்பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் கூடுதல் என்றால் மூன்று தெரு. அதற்குக் கீழே இறங்குவதற்கில்லை.

பல்செட் செய்யும் பட்டறையில் அவளுக்குப் பதினெட்டு வருஷம். மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, பொக்கை வாய்க்கு மறுபடி பேச்சைக் கொடுப்பாள். மூத்தவள் என்பது புகுந்த வீடு கொடுத்த பெயர். கொழுந்தன் பெண்டாட்டி இளையவளும் அதே பட்டறையில், அடுத்த நாற்காலியில். வயதைப் பார்த்தால் இளையவள்தான் பத்து மாதம் பெரியவள். அவள் வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிடும்போதெல்லாம் அது மரியாதையா கேலியா என்று மூத்தவளுக்கு இன்றுவரை சந்தேகம்.

ஒருநாள் முதலாளி ஆளுக்கொரு காகிதம் நீட்டினார். வேலையை விட்டுப் போனால், அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் இரண்டு வருஷத்துக்குப் பல்வேலையைத் தொடக்கூடாது. பட்டறைக்காரர்கள் அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர் வைத்தார்கள். மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு முதலில் கையெழுத்துப் போட்டாள்.

"நான் எங்கக்கா போடறது?" என்றாள் இளையவள்.

"எனக்குக் கீழதான். வேற எங்க?" என்றாள் மூத்தவள். முறைப்படி நான்தான் மேலே என்கிற மிடுக்கு அதில் இருந்தது.

இளையவள் சொன்ன இடத்தில் போட்டாள். அது மூத்தவளின் காகிதம். கீழே இருந்தது சாட்சிக்கான கோடு. இளையவளுடைய காகிதம் ஈரப் பிளாஸ்டரில் அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு, வெறுமையாகவே கோப்புக்குள் போய்விட்டது.

நாலு வருஷம் கழித்து இளையவள் வேலையை விட்டாள். அடுத்த தெருவில், மருந்துக்கடை மாடியில், பலகை மாட்டினாள். முதலாளி கோப்பைத் திறந்தார். கட்டுப்பட்டவள் மூத்தவள், கட்டியதற்குச் சாட்சி இளையவள். அவளைக் கட்டுகிற கையெழுத்துதான் இல்லை.

மூத்தவளின் வயிறு அன்றைக்குப் பற்றிக்கொண்டது, அணையவில்லை. மருந்துக்கடைக்கு வேலையே இல்லாமல் போய் வந்தாள். இருமல் இல்லாத வீட்டில் இருமல் மருந்து நாலு புட்டி சேர்ந்தது. மாடிப்படி ஏறுகிறவர்களில் எந்த மருத்துவரின் ஆள் எவன் என்று பார்த்துவைத்தாள். "தனக்குன்னு ஒரு பட்டறை" என்பது அவள் கண்ட கனவு. அதை அடுத்தவள் எழுந்து நடத்திக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். மாமியாருக்குப் பல் கட்ட வேண்டி வந்தது. மாமியார் இருப்பது மூத்தவள் வீட்டில்; பல்லோ மருந்துக்கடை மாடியிலிருந்து வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே அத்தை."

"உனக்கு பட்டறையில ஆயிரம் வேலைன்னு சின்னவ சொன்னா. பாரேன், பட்டாணிகூடக் கடிபடுது."

அன்றிலிருந்து காலையில் பல் தேய்க்கப் போனால் கண்ணாடித் தம்ளருக்குள்ளிருந்து இளையவளின் வேலை அவளைப் பார்த்து இளித்தது. மூத்தவள் ஒருமுறை அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை கிடைக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய குறை.

அந்த வருஷம் அரசாங்கம் ஒரு யோசனையை வெளியிட்டது: இந்த மாதிரி ஒப்பந்தங்கள் சாதாரணத் தொழிலாளிகளைக் கட்டுப்படுத்தாது என்று சட்டம் கொண்டுவரலாமா? தொழிலாளர் அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். முதலாளி மூத்தவளைத் தனியே கூப்பிட்டார்.

"நீ வந்து பேசணும்மா. வேலை கத்துக்கொடுக்கறோம், மிஷின் வாங்கிப் போடறோம். கத்துக்கிட்டு, நம்ம டாக்டருங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிடறாங்க. காகிதம் இல்லாட்டி யாரு யாருக்குக் கத்துக்கொடுப்பா?"

"எனக்கென்ன சார் லாபம்?"

"உன் ஓரகத்திக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கேன். சாட்சிக் கையெழுத்துன்னாலும் நிபந்தனை தெரிஞ்சுதானே போட்டா? சட்டம் வராம இருந்தா அந்தக் கடையை மூட வச்சிருவேன்."

மூத்தவளுக்குக் கணக்கு புரிந்தது. சட்டம் வந்தால் தன் பூட்டும் கழலும், இளையவள் மேலுள்ள வழக்கும் விழும். வராவிட்டால் இருவருக்கும் கேடு. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆக வேண்டும் என்பார்களே, அவள் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "வர்றேன் சார்" என்றாள்.

கூட்டத்தில் இளையவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். புதுச் செருப்பு. மூத்தவள் அதைத்தான் முதலில் பார்த்தாள். "அக்கா, இங்க இடமிருக்கு" என்று அவள் பையை நகர்த்தினாள். மூத்தவள் போய் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலாளியின் வக்கீல் எழுந்தார். "ஐயா, இது வெறும் கைவேலை இல்லை. எங்கள் பட்டறைக்கென்று ஒரு ரகசியம் உண்டு. எல்லாரும் நிற அட்டையை வைத்துப் பல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு பல்கூட மிச்சமில்லாத வாய்க்கு அட்டை எதை ஒத்துப்பார்க்கும்? எங்கள் முதலாளி, ஆளின் கண்வெள்ளையைப் பார்த்துப் பல்லின் வெள்ளையை முடிவு செய்யும் முறையைக் கண்டுபிடித்து, இந்த அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார்."

முதலாளி அடக்கமாகத் தலையாட்டினார்.

கண்வெள்ளை மூத்தவளுடையது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வந்தவர்களின் கண்ணை வெட்கமில்லாமல் உற்றுப் பார்த்துப் பார்த்து அவளே பிடித்த வித்தை. இளையவளுக்கே அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தாள், அவ்வளவு பத்திரம். அதை இந்த மனுஷர் தன் பையிலிருந்து எடுத்த மாதிரிக் காட்டுகிறார். இளையவளின் பலகை, புதுச் செருப்பு, மாமியாரின் பட்டாணி எல்லாம் ஒரு நொடியில் சின்னதாகிப் போயின. தன் பொருளை வைத்து இன்னொருத்தர் பேர் வாங்குவதைப் பார்ப்பதற்கு முன்னால் அதெல்லாம் என்ன பொறாமை?

அதிகாரி கேட்டார்: "நீங்க சொல்லுங்கம்மா. இந்த முறை இவர் கத்துக்கொடுத்ததா?"

"சார், இவரு என் கண்ணையே நேராப் பார்த்துப் பேசினதில்லை. இவரு எங்க கண்வெள்ளை பார்த்தாரு?"

முதலாளி மெல்ல, "அம்மா..." என்றார்.

"அது நான் கண்டுபிடிச்சது. இவரு கொடுக்கலை, இவருக்கு நான்தான் கொடுத்தேன். என்னோட கண்ணை இங்கயே வச்சிட்டுப் போகணும்னா, இரண்டு வருஷம் நான் என்ன, குருடா இருக்கறதா? அந்தக் காகிதம் வேணாம் சார். எழுதிக்குங்க, கண்டுபிடிச்சது நான்னு எழுதிக்குங்க."

"அதை இதில் எழுத இடமில்லையேம்மா."

"ஓரத்துல எழுதுங்க."

ஓரத்தில் எழுதினார்களோ என்னவோ, சட்டம் வந்தது. இளையவளுக்கு வந்த நோட்டீஸ் குப்பைக்குப் போனது. மூத்தவள் பட்டறையை விட்டு, பால்காரர் வீட்டு முன்னறையில் தன் பலகையை மாட்டினாள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எரிந்த காலம் போய், ஓரகத்திகள் இருவரும் ஒரு மனதாக ஊருக்குப் பல் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இவ்வளவையும் நான் எழுதி வாசித்துக் காட்டியபோது மூத்தவள் மெழுகு சுரண்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"கடைசி வரியை வெட்டிடுங்க. அவ ஜன்னல் வடக்கு பார்த்தது, நாள் முழுக்க ஒரே வெளிச்சம். என்னோடது மேற்கு. மத்தியானம் மூணு மணிக்கு மேல எல்லாப் பல்லும் மஞ்சளாத் தெரியுது. ஒரு மனசாம்."