பீமக்கா குறைத்த ஆயிரத்து எண்ணூறு கிலோ

வலது கையின் ஆள்காட்டி விரல் அட்டவணையின் கடைசிப் பத்தியில் மேலிருந்து கீழே இறங்குகிறது. கண் வரி தவறாமல் இருக்க, இடது கை ஒரு மர ஸ்கேலை எண்களுக்கு அடியில் நகர்த்திக்கொண்டே வருகிறது. விரல் ஓர் இடத்தில் நின்று, இரண்டு வரி மேலே போய், மறுபடி இறங்குகிறது. காதோரத்திலிருந்து பென்சிலை எடுத்து அங்கே ஒரு சின்னப் புள்ளி. இரும்பு பீம்களின் ஆழமும் அகலமும் எடையும் அச்சிட்ட அந்தப் புத்தகத்துக்கு இது மூன்றாவது அட்டை. உள்ளே நிறையப் புள்ளிகள்.

கட்டட வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் அவரைப் பீமக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வரைபடங்களை நகலெடுக்கும் வேலைக்கு வந்தவர். நகலெடுக்கும்போதே, இந்த மாடிக்கு ஏன் இந்த பீம், அதைவிட மெலிந்தது ஏன் ஆகாது என்று கேட்க ஆரம்பித்தார். பதில் சொல்ல ஆள் இல்லாதபோது புத்தகத்தைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டார். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது கணினி பத்து பீம்களைக் காட்டினால், அதில் எது என்று சொல்வது அவர்தான். கையெழுத்துப் போடுவது இன்ஜினியர் சார்.

எடை குறைப்பதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. "ஒரு கிலோகூட சும்மா தொங்கக் கூடாது" என்பார். வேண்டாத இரும்பு பீமில் இருந்தால், சட்டையில் மாற்றிப் போட்ட பொத்தானைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த மாடிக்குப் போனாலும் அறையின் நடுவில் நின்று, குதிகாலைத் தூக்கித் தொப்பென்று விடுவார். தரை எவ்வளவு அதிர்கிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று உள்ளங்காலால் கேட்பார். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் கணவர் இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். "எங்க வீட்டுக்கு வந்த முதல் நாளே குதிச்சா. பொண்ணுக்குக் கால்ல ஏதோ கோளாறுன்னு எங்கம்மா பயந்தே போயிட்டாங்க."

அந்த மாதம் கையில் இருந்தது நாலு மாடி மருத்துவமனை. இரண்டாம் மாடியில், பக்கவாதம் வந்தவர்களும் கால் உடைந்தவர்களும் மறுபடி நடக்கப் பழகும் கூடம். முதலில் அதைக் குறுக்குச் சுவர்களால் ஐந்து அறைகளாகப் பிரித்திருந்தார்கள். நடைப்பயிற்சி கொடுக்கும் அம்மாள், நீளமாக நடக்க இடம் வேண்டும் என்று கேட்டதால் சுவர்களை எடுத்துவிட்டார்கள். சுவர் போனால் பாரம் குறையும். அக்கா உடனே நானூற்றைம்பது மில்லிமீட்டர் ஆழ பீமை மாற்றி நானூறு போட்டார். பதினெட்டு பீம்கள், ஒவ்வொன்றும் பத்து மீட்டர், மீட்டருக்குப் பத்துக் கிலோ மிச்சம். மொத்தம் ஆயிரத்து எண்ணூறு கிலோ. சார் பூரித்துப்போய் மருத்துவமனையை நடத்தும் டாக்டருக்கு அப்போதே போன் போட்டுச் சொன்னார். இரும்புப் பட்டறைக்கு முன்நகல் ஒன்று போய்விட்டது; கையெழுத்துப் போட்ட வரைபடம் திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குப் போக வேண்டும். மறுநாள் காலை இரும்பை அறுக்கத் தொடங்குவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் கட்டில் வாங்கப் போனார்கள். கடையின் முதல் மாடி விசாலமாக இருந்தது. அக்கா நடுவில் நின்று குதிகாலை விட்டார். எதிரே வரிசையாக நின்ற அலமாரிகளின் கண்ணாடிகள் எல்லாம் ஒன்றாக நடுங்கின. கண்ணாடியில் அவர் முகமும் நடுங்கியது.

"கட்டில் வாங்க வந்தியா, மாடி வாங்க வந்தியா?" என்றார் கணவர்.

ஒரு விற்பனைப் பெண் தலையணையோடு விறுவிறுவென்று கடந்துபோனாள். கண்ணாடிகள் மறுபடி நடுங்கின. அக்கா மாடிப்படியருகே உட்கார்ந்திருந்த காவலாளியிடம் போனார்.

"அண்ணே, இந்த மாடி எப்பவுமே இப்படித்தான் ஆடுமா?"

"இல்லம்மா. முன்னாடி இங்க ஆபீஸ் இருந்துச்சு, ரூம் ரூமா. சுவரெல்லாம் இடிச்சப்புறம்தான் இந்த ஆட்டம். எனக்கே சில நேரம் தலை சுத்துற மாதிரி இருக்கும்."

அக்கா பக்கத்தில் இருந்த விலைச்சீட்டு ஒட்டிய சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுவர் பாரம் மட்டுமில்லை. அதிர்வைப் பிடித்து அடக்குவதும் அதுதான். அது போன இடத்தில் பீம் தடிக்க வேண்டும். தானோ அதை மெலிய வைத்திருக்கிறோம்.

"என்னாச்சு?" என்றார் கணவர்.

"எடையைக் குறைக்கிற ஆசையில கண்ணு மறைஞ்சுடுச்சு."

"திருத்த முடியுமா?"

"நாளைக்கு நாலு மணி வரைக்கும் முடியும்."

"அப்ப கட்டில் அடுத்த வாரம்" என்று அவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

திங்கட்கிழமை காலை சார் வருவதற்கு முன்பே கணக்கு முடிந்திருந்தது. பழைய நானூற்றைம்பதுக்குத் திரும்பினாலும் போதவில்லை. ஐந்நூறு வேண்டும். குறைத்த ஆயிரத்து எண்ணூறு கிலோவைத் திருப்பிக் கொடுத்து, அதற்குமேல் இன்னும் ஓர் ஆயிரத்து நானூறு.

சார் தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம்தானே டாக்டர்கிட்ட உங்களைத் தலையில தூக்கி வெச்சுப் பேசினேன்?"

"இறக்கி வெச்சுடுங்க சார்."

"போன வாரம் போட்ட நானூறே இருந்தா என்ன ஆகும்? விழுமா?"

"விழாது. நாலு பேர் நடந்தா அதிரும், அவ்வளவுதான்."

"விழாதுன்னா அப்புறம் என்னக்கா?"

"விழாதுன்னு நமக்குத் தெரியும் சார். குச்சியைப் பிடிச்சுக்கிட்டு முதல் அடி வைக்கிறவருக்குத் தெரியாதே. தரை நடுங்கினா தன் கால்தான் நடுங்குதுன்னு நினைச்சுப்பார். அடுத்த அடி வைக்க மாட்டார்."

சார் போனை எடுத்து டாக்டரின் எண்ணை அழுத்தி அக்காவிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா பூசி மெழுகிடுவேன்."

அக்கா ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"எடையைக் குறைச்சது யாரு?" என்று கேட்டார் டாக்டர்.

"நான்தான்."

"இப்ப கூட்டச் சொல்றது?"

"அதுவும் நான்தாங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, கூட்டுங்க. ஆனா சீலிங் ஒரு விரல்கூட கீழ இறங்கக் கூடாது."

ஆழமான பீமுக்கு அடியில் ஏசி குழாய் போனால் சீலிங் இறங்கத்தான் செய்யும். ஏசிக்காரர் போனிலேயே சண்டைக்கு வந்தார். "பீமைப் பெருசாக்கிட்டீங்க, என் குழாயை எங்க கொண்டுபோய்த் தொங்கவிடறது? உங்க தலையிலயா?"

"பீம் வயித்துக்குள்ள விடுங்க."

"ஓட்டை போட்டா பலம் போயிடாதா?"

"கண்ட இடத்துல போட்டா போகும். வளையாம தாங்குறது மேல் தகடும் கீழ் தகடும். நடுத் தகட்டுக்கு பீமோட ரெண்டு முனையிலதான் வேலை அதிகம். பாதி நீளத்துல, பாதி உயரத்துல போட்டா வலிக்காது. குழாய் எத்தனை அகலம், அதைச் சொல்லுங்க."

"இருபது சென்டிமீட்டர்."

"இருபத்திரண்டு தர்றேன்."

மதியச் சாப்பாட்டு டப்பா திறக்கவே இல்லை. குழாய் கடக்கும் ஆறு பீம்களில் ஓட்டை வரைந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு முனைகளிலிருந்தும் தூரத்தை எழுதி, கூட்டிச் சரிபார்த்தார். மூன்றரைக்கு சார் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை அக்கா தாளைத் தொடவில்லை.

நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் பட்டறை மேஸ்திரி வந்தார். பல வருடமாக இவர் வரைவதை அறுத்து ஒட்டுகிறவர். தாளை மேசையில் விரித்து, நேராகக் கீழ் மூலையில் எழுதியிருந்த மொத்த எடைக்குப் போனார்.

"என்னக்கா இது, நீங்க போட்டதுதானா? போன தாளைவிட மூணு டன்னுக்கு மேல ஏறியிருக்கு."

"நான் போட்டதுதான். போன தாள்தான் தப்பு. அதைக் கிழிச்சுடுங்க."

"உங்க கணக்குல தப்பா? எங்க ஆளுங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க."

"நம்புற வரைக்கும் சொல்லுங்க. இல்லேன்னா பழைய தாளை வெச்சு அறுத்துடப் போறாங்க."

மேஸ்திரி சிரித்தபடி பட்டறையை போனில் அழைத்துப் பழைய தாளைக் கிழிக்கச் சொன்னார். கிழிகிற சத்தம் கேட்கும்வரை போனை அக்கா பக்கம் பிடித்திருந்தார்.

"பதினெட்டுலயும் ஓட்டையா?"

"ஆறுல மட்டும். சிவப்பு வட்டம் போட்டிருக்கேன். அறுத்த ஓரத்தை வழவழன்னு தேய்ச்சுடுங்க, பிசிறு நின்னா அங்கிருந்துதான் விரிசல் விடும்."

"தேய்ச்சுடலாம். கொடுங்க."

அக்கா தாளைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.